வானவில்லுக்குள் சூரியன் வராது

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறுவர் பக்கத்தில் வந்த வானவில் படத்தில், வில்லுக்கு நடுவே சூரியன் சிரித்துக்கொண்டிருக்கிறது. படம் அழகுதான், ஆனால் வானத்தில் அப்படி நடக்கவே நடக்காது. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், மழை எதிரே பெய்ய வேண்டும். துளிக்குள் நுழையும் வெளிச்சம் வளைந்து, நிறம் நிறமாகப் பிரிந்து, துளியின் உள்பக்கத்தில் பட்டுத் திரும்பி, வெளியே வரும்போது இன்னொரு தடவை வளைகிறது. சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளியிலிருந்து, அதாவது நம் தலை நிழல் விழும் திசையிலிருந்து, சுமார் 42 டிகிரி தள்ளிச் சிவப்பும் 40 டிகிரி தள்ளி ஊதாவும் தெரிவதால்தான் சிவப்பு வெளி ஓரத்தில் நிற்கிறது. அதனால் காலையில் மேற்கே பார்க்க வேண்டும், மாலையில் கிழக்கே. உச்சிப் பொழுதில் தேடிப் பயனில்லை.

சில சமயம் மேலே மங்கலாக இரண்டாவது வில்லும் வரும், வெளிச்சம் துளிக்குள் இரண்டு தடவை பட்டுத் திரும்புவதால் வருவது, நிறங்கள் தலைகீழாக இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட வானம் மட்டும் இருண்டு கிடக்கும். எனக்கு வில்லைவிட அதுதான் அதிசயம்!

அடுத்த முறை சூரியனை இடம் மாற்றிப் படம் போடுங்கள். அப்புறம், பிள்ளைகளுக்கு ஒரு செய்முறையும் சொல்லுங்கள்: சாயங்கால வெயில் முதுகில் படும்படி நின்று, ரப்பர் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்துத் தண்ணீரைத் தூவினால், அவரவர் தலை நிழலைச் சுற்றி வில் வளைந்து நிற்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தென்காசி