பாம்பனுக்கு மாணவர்களை அழைத்து வரும் பேராசிரியருக்கு

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். விலங்கியல் துறையின் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நாற்பது பேரை ஜூலை மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்கு அழைத்து வர விரும்புவதாகவும், பயணத் திட்டத்தைப் பார்த்துத் திருத்தித் தரும்படியும் தாங்கள் எழுதியிருந்தீர்கள். தங்களிடம் மூன்றாண்டுகள் படித்தவள் என்ற உரிமையில் அதை வரி வரியாகப் படித்தேன். ஏறத்தாழ இதே திட்டத்துடன் ஆண்டுதோறும் பல கல்லூரிகளின் பேருந்துகள் பாம்பன் பாலத்தைக் கடந்து வருகின்றன. ஆகவே தங்களுக்குச் சொல்ல வேண்டியதைப் பொதுக் கடிதமாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

முதலில் மாதத்தை மாற்றுங்கள். ஜூலையில் இங்கே கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும். எங்கள் ஊரார் தென்கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடா அப்போது குமுறிக்கொண்டிருக்கும். தண்ணீர் கலங்கி, கண்ணாடிப் படகில் ஏறி உட்கார்ந்தாலும் காலுக்கடியில் கலங்கல் நிறத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. காற்று மிகுந்த நாளில் படகே புறப்படாது. அதே நாளில், சாலையைக் கடந்து தீவின் மறுபக்கம் போனால், வடகடலான பாக் விரிகுடா குளத்தைப் போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று தொடங்கியதும் இது அப்படியே தலைகீழாக மாறிவிடும். ஆண்கடல், பெண்கடல் என்று இரண்டுக்கும் பெயர் வைத்து, எந்த மாதத்தில் எந்தக் கடலில் தொழில் செய்வது என்று மீனவர்கள் மாறி மாறிப் போய்வருவது இதனால்தான். பிப்ரவரியில் வந்தால் தென்கடலும் தெளிந்திருக்கும், மாணவர்களும் வெயிலில் வாட மாட்டார்கள்.

மாதத்தைப் போலவே திதியையும் பாருங்கள். அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ ஒட்டிய சனி, ஞாயிறாக இருக்கட்டும். அந்நாட்களில்தான் நீர் ஏறும் ஏத்தமும் நீர் வற்றும் வத்தமும் பெரிதாக இருக்கும். இந்தக் கடற்கரையில் நீர்மட்டம் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டரைக் கூட எட்டுவதில்லை; ஆனால் கரை தட்டையாக இருப்பதால், வத்தம் விழுந்த காலை நேரத்தில், ஏத்தத்தின்போது இடுப்பளவு நீர் நின்ற இடத்தில் கணுக்கால் நனையாமல் நடக்கலாம். கடலடியில் வாழ்பவற்றைப் பார்க்க நமக்குக் கிடைக்கும் நேரம் அந்த இரண்டு மணி நேரம்தான். பேருந்து எப்போது கிளம்பும் என்பதை வைத்து நேரம் குறிக்காமல், கடல் எப்போது வற்றும் என்பதை வைத்துக் குறியுங்கள்.

தங்கள் திட்டத்தில் இரண்டு நாளுக்குப் பதினோரு இடங்கள் இருக்கின்றன. கோயில், கலாம் நினைவிடம், அரியமான் கடற்கரை, காரங்காட்டு அலையாத்திக் காடு எல்லாமே பார்க்கத் தகுந்தவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. காரங்காட்டுக்குத் தனியாக ஒரு முறை வாருங்கள். அது தொண்டிப் பக்கம், இந்தப் பயணத்தோடு ஒட்டாது. இப்போதைக்கு மூன்று இடங்களை மட்டும் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதல் இடம் சனிக்கிழமை மாலை, தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவரருகே மாணவர்களைப் பத்து நிமிடம் நிற்க வையுங்கள். உதிர்ந்த பூச்சுக்கு அடியில் தெரியும் கற்களில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியும் ஒரு பவள உயிரி குடியிருந்த அறை. பவளப் பாறையை வெட்டிக் கட்டடத்துக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் அனுப்பிய காலம் இந்தக் கடற்கரையில் நெடுங்காலம் இருந்தது. மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை நீளும் இப்பூங்காவுக்கு 21 தீவுகள் என்று புத்தகத்தில் படிக்கிறோம். கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளப் பாறையை வெட்டியெடுத்ததால் அலையைத் தாங்க ஆளில்லாமல் மணல் கரைந்துபோனது. சுவரைப் பார்த்த பிறகு இதைச் சொன்னால் மாணவர்கள் மறக்க மாட்டார்கள்.

இரண்டாவது இடம் ஞாயிறு காலை, குருசடைத் தீவு. பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து வனத்துறை படகில் அழைத்துச் செல்கிறது. நாற்பது பேர் என்பதால் ராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றுவிடுங்கள். தேர்வுக்காக நாம் படம் வரைந்து பாகம் குறித்த பலனோகிளாசஸ் இத்தீவின் மணலில்தான் வாழ்கிறது. முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடைப்பட்ட உறவைக் காட்டும் அந்தப் புழுவைத் தோண்டிப் பார்க்க மாணவர்கள் துடிப்பார்கள். தோண்ட விடாதீர்கள். அது தின்று கழித்த மணல், முறுக்குப் பிழிந்தது போலச் சுருள் சுருளாக வெளியே கிடப்பதைக் குனிந்து பார்த்தாலே போதும்.

பவளத்தின் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது; பழைய கேன்வாஸ் காலணி அணிந்து மணலில் மட்டும் நடக்கட்டும். தண்ணீரின் வெப்பம் முப்பது, முப்பத்தொரு டிகிரிக்கு மேல் ஏறி வாரக்கணக்கில் நின்றால், பவளம் தனக்குள் வாழ்ந்து உணவூட்டும் நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். 2010இலும் 2016இலும் இங்கே அப்படி நடந்து, நிறையப் பவளங்கள் செத்தன. பிழைத்து எழுந்தவற்றைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

இங்கே ஒரு பழைய நிகழ்வைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் வகுப்பு இங்கே வந்த ஆண்டு தாங்கள் விடுப்பில் இருந்தீர்கள். ஆளுக்கு இருபது மாதிரிகள் சேகரிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தனுஷ்கோடி கரையில் நாங்கள் பொறுக்கிய சங்குகளில் பாதியில் துறவி நண்டுகள் குடியிருந்தன. வெறும் சங்கு என்றே நினைத்தோம். பாலித்தீன் பையில் கட்டி இருக்கைக்கு அடியில் வைத்தோம். பரமக்குடி தாண்டும்போது நாற்றம் எழுந்தது. பையைத் திறந்தால், நண்டுகள் ஓட்டைவிட்டுப் பாதி உடலை வெளியே நீட்டியபடி செத்திருந்தன. சங்கு இல்லாத அந்தப் பின்னுடல், தோல் உரித்த விரலைப் போல அவ்வளவு மெத்தென்று இருந்தது. மானாமதுரைக்கு அருகே ஒரு மாணவர் பையைச் சன்னல் வழியாக எறிந்தார். அந்த நண்டுக்குச் சொந்தமாக ஓடு கிடையாது. செத்த நத்தையின் சங்கைத் தேடித்தான் குடிபுகுகிறது. ஆள் இல்லாத சங்கைப் பொறுக்கினாலும், அடுத்து வரவிருக்கும் ஒரு நண்டின் வீட்டைத்தான் எடுக்கிறோம். ஆகவே மாதிரி சேகரிப்பு என்ற வரியைத் தங்கள் திட்டத்திலிருந்து நான் அடித்துவிட்டேன். பவளமும் கடல் அட்டையும் கடல் குதிரையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தொடக்கூடாதவை என்பது தங்களுக்குத் தெரியும்; நான் கேட்பது சாதாரணச் சங்குக்கும் சேர்த்து.

அதே பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. படகில் வந்து விளக்கம் சொன்னவர், இந்தத் தீவுகளைக் கெடுத்தவர்கள் கரையோரத்து மக்கள்தான் என்றார். வகுப்பே தலையாட்டியது. என் அம்மா கடற்பாசி எடுப்பவர் என்பதை அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அதை இன்று எழுதும்போதும் மனம் வலிக்கிறது.

மூன்றாவது இடமாக நான் சேர்த்திருப்பது எங்கள் தெரு. தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் பாம்பன், சின்னப்பாலம் தொடங்கிக் கீழக்கரைப் பக்கம் வரை பல ஊர்களில் இருக்கிறார்கள். பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டு, பின்னர் காவல் இறுகியபோது, தீவுப் பக்கம் போனாலே குற்றம் என்றாயிற்று. அதன்பின் அப்பெண்கள் தாங்களே கூடிப் பேசி, மாதத்தில் பன்னிரண்டு நாட்கள் மட்டும் பாசி எடுப்பது, கோடையில் 45 நாட்கள் கடலில் இறங்காமல் இருப்பது என்று கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்பவருக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காப்போருக்கான சீகாலஜி விருது கிடைத்தது இந்தப் பணிக்காகத்தான். கடலைக் காப்பதற்கு விதி வகுத்தவர்கள் பள்ளிப்படிப்பைக் கூட முடிக்காத பெண்கள் என்பதை நம் மாணவர்கள் அந்தப் பெண்களின் வாயாலேயே கேட்க வேண்டும்.

என் அம்மா கடலுக்குப் போகும் விடியற்காலையில் முதலில் செய்வது விரல்களைக் கட்டுவது. பழைய சேலையைக் கிழித்த துணிப்பட்டையை ஒவ்வொரு விரலிலும் நகம் மறையச் சுற்றி, மேலே ரப்பர் துண்டால் இறுக்குவார். சேலைக்கு மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை, இடுப்பில் சாக்கு, முகத்தில் கண்ணாடி. மூச்சை அடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தெடுக்கும்போது அடியோடு பிடுங்க மாட்டார்; நுனியை எடுத்து வேரை விட்டால்தான் அடுத்த முறை கிடைக்கும் என்பார். ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்க்கப் பெட்ரி தட்டில் நாம் ஊற்றி உறைய வைக்கும் அகர் இந்த மரிக்கொழுந்திலிருந்து எடுக்கப்படுவது. மூன்றாண்டுகளும் அந்தத் தட்டைக் கையில் ஏந்தியிருந்தும் அதையும் அம்மாவின் விரலையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை.

அம்மாவிடம் கேட்டேன். மாணவர்களிடம் பேசச் சம்மதித்தார். பாசியின் பெயர்களையும் தாழை என்னும் கடற்புல் வளர்ந்த இடத்தில் ஆவுளியா என்னும் கடற்பசு மேய்ந்த தடத்தை அறிவது எப்படி என்பதையும் சொல்வதாகக் கூறினார். ஒரு சிக்கல் இருக்கிறது. நான் தங்களுக்குச் சொன்ன அமாவாசை, பௌர்ணமி நாட்கள்தான் அவருடைய பன்னிரண்டு தொழில் நாட்களும். ஞாயிறு பிற்பகல் நம் மாணவர்களோடு உட்கார்ந்தால் அந்த நாளின் வருமானம் அவருக்கு இல்லை. உடன் வரும் இரு பெண்களுக்கும் இல்லை.

வெளியூரிலிருந்து சிறப்புரை ஆற்ற வருபவர்களுக்குத் துறை மதிப்பூதியம் வழங்குவது வழக்கம். அதே தலைப்பில், அதே தொகையை, அம்மாவுக்கும் அந்த இருவருக்கும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கி வழங்க ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். பயணத் திட்டத்தின் அச்சுப் படியில் சிறப்புரையாளர் என்ற இடத்தில் அவர்களுடைய பெயர்கள் இருக்க வேண்டும். பிப்ரவரியில் எந்த வாரம் என்பதைத் தாங்கள் முடிவு செய்து எழுதியவுடன் பெயர்களை அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாணவி,
பாம்பன்