எங்களோடு சேர்ந்து எங்கள் பிள்ளைகளை வளர்க்கிறவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

மகனுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது, மகளுக்கு மூன்றரை. இரண்டு பேருக்கும் ஜெபிக்கத் தெரிகிறது. சண்டை போட்டால் சமாதானமாகத் தெரிகிறது. இயேசப்பாவிடம் எதையும் சொல்லலாம் என்பதும் தெரிந்திருக்கிறது. இதில் பெரும்பங்கு எங்கள் வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தது. ஞானஸ்நானத்தன்று இந்தப் பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்க உதவுவோம் என்று சபையாக எழுந்து நின்று வாக்குக் கொடுத்தீர்கள். அந்த வாக்கை நீங்கள் காப்பாற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அதனால்தான் எல்லாருக்கும் தெரியும்படி இந்த மடல்.

முதலில் ஞாயிறு பள்ளி அக்காவுக்கு. என் மாமனார் படுக்கையில் கிடந்த மாதங்களில் மகன் ராத்திரிதோறும், "தாத்தாவைச் சுகமாக்குங்க இயேசப்பா" என்று ஜெபித்தான். தாத்தா போய்விட்டார். அடக்கம் முடிந்து வந்த ஞாயிறே அவன் வகுப்பில் எழுந்து, "நான் கேட்டேனே, இயேசப்பா ஏன் செய்யலை?" என்று கேட்டிருக்கிறான். பெரியவர்களே திணறுகிற கேள்வி. தாத்தா பரலோகத்தில் சந்தோஷமாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருக்கலாம். நீங்கள் போகவில்லை. அன்றைய பாடத்தை மூடி வைத்துவிட்டு யோவான் 11ஆம் அதிகாரத்தைத் திறந்தீர்கள். லாசரு இறந்தபின் மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே வந்து ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." "பார்த்தியா, அவங்களும் உன்னை மாதிரியேதான் கேட்டாங்க. இயேசப்பா அவங்களைத் திட்டலை" என்றீர்களாம். அப்புறம் "இயேசு கண்ணீர் விட்டார்" என்கிற 35ஆம் வசனத்தை அவனையே வாசிக்க வைத்திருக்கிறீர்கள். லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் அவர் அழுதார் என்பது பிள்ளை மனதில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அன்று ராத்திரி அவன் ஜெபத்தில் கோபம் இருந்தது, அழுகையும் இருந்தது. ஜெபம் மட்டும் நிற்கவில்லை. ஏன் என்பதற்கு எங்களிடம் பதில் கிடையாது. அந்தக் கேள்வியோடு யாரிடம் போகலாம் என்று அவனுக்குக் காட்டிவிட்டீர்கள் அக்கா.

இங்கிலாந்தின் கிளாஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் 1780இல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியது, வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்காக. இன்று வாரம் முழுக்க வேலைக்குப் போய்வருகிறவர்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களான நீங்கள். மிஞ்சுகிற ஓய்வு நாளின் காலையையும் எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். படம் வெட்டி ஒட்டுவதும் வசன அட்டை எழுதுவதும் எந்த நேரத்தில் நடக்கிறதோ!

பின்வரிசையில் உட்காரும் தாத்தா, உங்களை மகன் மறக்கவே மாட்டான். ஆராதனை முடிந்ததும் ஓடி விளையாடிய அவனை ஒருநாள் எல்லார் முன்பும் சத்தம் போட்டீர்கள். பிள்ளைகளைப் பெரியவர்கள் அதட்டுவது சாதாரணம் என்று நாங்கள் விட்டுவிட்டோம். நீங்கள் விடவில்லை. அடுத்த வாரம் தேடி வந்து, அவன் உயரத்துக்குக் குனிந்து, "தம்பி, தாத்தா அன்னைக்கு ரொம்பக் கத்திட்டேன். மன்னிச்சிடுறியா?" என்று கேட்டீர்கள். ஒரு பெரியவர் தன்னிடம் மன்னிப்புக் கேட்டதை அவன் அதற்குமுன் பார்த்ததில்லை. இப்போது தங்கையின் பொம்மையைப் பிடுங்கினால், கொஞ்ச நேரத்தில் தானாகவே அவளிடம் போய், குனிந்து, "மன்னிச்சிடுறியா?" என்கிறான். சாரி சொல்லு, சாரி சொல்லு என்று நாங்கள் சொல்லிச் சொல்லி வராதது இது.

மூத்தவன் பேசத் தொடங்கும் முன்பே பாட்டி ஒரு புத்தி சொன்னார்கள். "சொன்ன பேச்சு கேட்கலைனா இயேசப்பா அடிப்பார்னு மட்டும் சொல்லிடாதீங்க. அப்புறம் பயந்தா பிள்ளை யார்கிட்ட போகும்?" தூங்கவைக்கும் நேரத்தில் அந்த மிரட்டல் நாக்கு நுனிவரை வரும். பாட்டி கேட்டது ஞாபகம் வந்து அப்படியே நின்றுவிடும். இன்று இடி இடித்தால் மகள் போர்வைக்குள் இருந்தபடியே, "இயேசப்பா, பக்கத்துல வாங்க" என்று கூப்பிடுகிறாள். அது நீங்கள் செய்த உபகாரம் பாட்டி.

போதகர் ஐயா, குடும்ப ஜெபம் என்றால் அரைமணி நேரமாவது இருக்க வேண்டும் என்கிற பாரத்தை எங்கள் தலையிலிருந்து இறக்கிவைத்தீர்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் தேவ வார்த்தையைப் பேசச் சொல்கிறது உபாகமம் 6:7. "இந்த நாலும் உங்க வீட்ல தினமும் நடக்குதே, அங்கேயே பேசுங்க" என்றீர்கள். அதிலிருந்து, வழியில் ஆம்புலன்ஸ் போனால் உள்ளே இருப்பவருக்காக ஒரு வரி ஜெபம். படுக்கப்போகும்போது ஆளுக்கு ஒரு நன்றி. மகள் பெரும்பாலும் தன் செருப்புக்காகத்தான் நன்றி சொல்கிறாள், அதுவும் ஜெபம்தானே.

திருவிருந்து நேரத்தில் அழுத குழந்தையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ போம்மா" என்று என்னை முன்னால் அனுப்பிய அம்மாக்களுக்கும் நன்றி. பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டினதைக் கண்டு இயேசு விசனமடைந்தார் என்று மாற்கு 10இல் வாசிக்கிறோம். நீங்கள் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை.

கடைசியாக ஒரு செய்தி. அடுத்த மாதம் மகளும் பாலர் வகுப்புக்கு வருகிறாள். கேள்வி கேட்பதில் அண்ணனுக்கு மேலே போவாள் அக்கா. மீன் வயிற்றுக்குள் யோனாவுக்கு இருட்டாக இருந்ததா என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள். உங்களிடம் கேட்கச் சொல்லியிருக்கிறோம்.

கிறிஸ்துவின் அன்பில்,
அந்த இரண்டு பேரின் அம்மாவும் அப்பாவும்