விடைப்பக்கத்தைத் திருப்பாதே, தம்பி

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விடுமுறைச் சிறப்புக் குறுக்கெழுத்து பாதிக்கு மேல் வெள்ளையாகக் கிடக்கிறது. கீழே உன் ஒரு வரி: "அக்கா, இது ஏமாற்று வேலை. விடையைப் பார்த்துவிடப் போகிறேன்." இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையாவது பொறு. முதல் க்ரிப்டிக்கில், அதாவது குறிப்பே புதிராக இருக்கும் குறுக்கெழுத்தில், மாட்டிக்கொண்டு இதே வார்த்தையைச் சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால், உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன். இதே புதிரைப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், விடைகள் வரப்போகின்றன.

முதலில் 5 குறுக்கு. அடைப்புக்குள் இருக்கும் எண், விடையில் எத்தனை எழுத்து என்பது. "பணத்துக்குள் வயலின் இதயம் புகுந்த யாத்திரை (4)". ஓரத்தில் பென்சிலால் "நரம்பு? தந்தி? வில்?" என்று எழுதியிருக்கிறாய். மூன்றும் அந்த இசைக்கருவியைத் துரத்திப் போனவை. 'வயலின்' என்ற சொல்லை மெதுவாக ஒருமுறை படி. வயல், இன். நெல் விளைகிற வயல்! அதன் இதயம், அதாவது நடு எழுத்து, 'ய'. அது 'பணம்' என்ற சொல்லுக்குள் புகட்டும். ப, ய, ண, ம். யாத்திரை என்றால் பயணம். குறிப்பில் ஒரு சொல்கூடச் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை பார். 'புகுந்த' என்பதுகூட வேலை செய்கிறது.

இதைத்தான் ஏமாற்று வேலை என்கிறாய். எனக்கு இதைவிட நேர்மையான எழுத்து தெரியாது. புதிர் போட்டவர் விடையை இரண்டு தடவை சொல்லிவிடுகிறார். ஒரு தடவை நேர்ப்பொருளாக, இன்னொரு தடவை எழுத்து விளையாட்டாக. நேர்ப்பொருள் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், இல்லையென்றால் முடிவில் இருக்கும், நடுவில் ஒருநாளும் வராது. அப்புறம், வாக்கியமாகப் படித்தால் தோன்றுகிற காட்சி இருக்கிறதே, வயலின் வாசிப்பது, பணம் புரள்வது, அதை அப்படியே தள்ளிவிடு. சொற்களைத் தனித்தனியாகப் பிய்த்துப் பார்.

சரி, இப்போது உன்னை நிஜமாகவே கவிழ்த்த இடம். 9 குறுக்கு: "திரி, கரையைத் தொட்டுத் திரும்புவது (2)". நீ 'ஒளி' என்று போட்டிருக்கிறாய், அதுவும் பேனாவால். விடுமுறை என்றதும் பண்டிகை நினைவு வந்திருக்கும், திரி என்றதும் விளக்கு தெரிந்திருக்கும். தலைப்பு வைத்த புதிரில், அதாவது விடைகள் ஒரே விஷயத்தைச் சுற்றி வரும் புதிரில், எல்லோரும் விழுகிற குழி இதுதான். தலைப்பு என்ன விடை வரக்கூடும் என்று ஆசை காட்டும், குறிப்பு மட்டுமே எது விடை என்று சொல்லும். 'கரையைத் தொட்டுத் திரும்புவது' உன் ஒளியில் எங்கே இருக்கிறது? திரி என்பது இங்கே வினைச்சொல். திரி, சுற்று, அலை. கரையைத் தொட்டுத் திரும்புவதும் அலை. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள், அவ்வளவுதான்.

அந்த ஒரு 'ளி' செய்த சேதத்தைப் பார். 6 நெடுக்கில் மேலே 'ம' இருக்கிறது, அடுத்த கட்டத்தில் உன் 'ளி'. 'மளிகை' என்று எழுதி அடித்திருக்கிறாய். பாவம், ஆறு கட்டத்தில் மளிகையை வைத்து என்ன செய்வது? அங்கே 'லை' வந்ததும் 'மலையேற்றம்' தானாக இறங்கிவிட்டது. சந்தேகம் உள்ள விடையைப் பென்சிலால்கூட மெல்லிசாகத்தான் எழுத வேண்டும்.

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் 26 எழுத்துதான், ஒரு கட்டம் நிரம்பினால் பெரிய துப்பு எதுவும் கிடைத்துவிடாது. நமக்கோ உயிர்மெய் முழுசாக ஒரே கட்டத்தில் உட்காருகிறது. 247 எழுத்தில் ஒன்று, 'லை' மாதிரி ஒன்று, கையில் கிடைத்தால் பாதி விடை வந்த மாதிரி. ஆனால் அதே காரணத்தால் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு இன்னொரு சொல் செய்வது தமிழில் கஷ்டம். அதனால்தான் 3 நெடுக்கைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். "நரகம் கலைந்தால் பட்டணம் (4)". ந, ர, க, ம் நான்கில் நடு இரண்டை இடம் மாற்றினால் நகரம்! விடுமுறைக்குக் கிளம்பும்போது நாம் விட்டுப் போவதும் அதைத்தானே. பல ஆண்டுகளாக இந்த இரண்டு சொற்களையும் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒன்றுக்குள் மற்றொன்று இருப்பதை இந்தப் புதிர் சொல்லித்தான் பார்த்தேன்.

தலைப்பு வைத்தாலே சிறுபிள்ளை விளையாட்டு என்று முன்பு ஒருமுறை சொன்னாய் அல்லவா? குறுக்கெழுத்து பிறந்ததே பண்டிகைக் காலத்தில்தான். ஆர்தர் வின் போட்ட முதல் புதிர், வைரம் போன்ற வடிவத்தில், நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் வந்தது 1913 டிசம்பர் 21 அன்று. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு. அதில் நேர்க் குறிப்புகள்தான், க்ரிப்டிக் பின்னால் பிரிட்டனில் வளர்ந்தது.

அங்கே கார்டியன் நாளிதழில் அராகேரியா என்ற பெயரில் புதிர் போட்டுவந்தவர் ஜான் கிரகாம் என்ற பாதிரியார். ஒரு கிறிஸ்துமஸ் பாட்டின் முதல் இரண்டு வரியில் இருக்கும் 59 எழுத்துகளையும், ஒன்றுகூட மிச்சமில்லாமல் கலைத்து, அதே பிறப்பைப் பாடும் இன்னொரு வாக்கியமாக அடுக்கியவர். அவரே, 2013 ஜனவரியில், 91 வயதில், தனக்குப் புற்றுநோய் என்பதை வாசகர்களுக்கு ஒரு குறுக்கெழுத்தின் வழியாகத்தான் சொன்னார். என்ன நோய், எங்கே, என்ன சிகிச்சை, எல்லாம் அந்தக் கட்டங்களுக்குள் விடைகளாக இருந்தன. அந்த நவம்பரில் போய்விட்டார். கடைசி எழுத்தைப் போட்டு முடித்தபிறகுதான் செய்தி முழுதாகப் புரிந்திருக்கும் அந்த வாசகர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தலைப்புப் புதிர் என்றால் எனக்கு அதுதான். போட்டவர் உன்னிடம் ஏதோ சொல்ல வருகிறார். விடைப்பக்கத்தைத் திருப்பினால் விடை கிடைக்கும், அவர் சொன்ன விதம் கிடைக்காது.

1 குறுக்கு, "போக அனுமதி, ஒழுங்கு சேர்ந்தால் ஓய்வு நாள் (4)", நீயே போட்டுவிட்டாய், விடு, முறை. சபாஷ். 11 குறுக்கில் "வட்டமடி, பாதி நிலா சேரும் ஊர் பார்க்கும் பயணம் (4)" என்பதற்கும் அதே வழிதான். வட்டமடி என்றால் சுற்று, நிலாவில் பாதி 'லா'. சுற்றுலா.

மிச்சம் இருப்பதில் 4 நெடுக்கை மட்டும் நான் சொல்ல மாட்டேன். இந்தப் புதிரிலேயே எனக்கு மிகவும் பிடித்த குறிப்பு அது.

"தலைக்குள் கனவு தொடங்கும் உச்சி (4)".

பயணத்தின் 'ம்' இதன் கடைசிக் கட்டத்தில் விழுகிறது, அது உனக்கு இப்போது இருக்கிறது. தலைக்கு வேறொரு சொல் தேடு. இன்றைக்கு வராவிட்டால் தாளை மடித்து வைத்துவிட்டுத் தூங்கு. நகரம் எனக்கு வந்தது மேஜையில் உட்கார்ந்து யோசித்தபோது இல்லை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது.

கிடைத்ததும் கூப்பிடு, எந்த நேரமானாலும் சரி.

அன்புடன்,
அக்கா