கராஜில் இருக்கும் அந்த வாளிக்கும் சேர்த்து ஒரு நன்றி

தமிழ்ப் பள்ளி நண்பர்களுக்கு,

என் மகன் ஆடும் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் சீசன் போன சனிக்கிழமை முடிந்தது. கோச்சுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டோம். ஆனால் இந்த மூன்று மாதமும் எங்களைத் தாங்கியவர்களில் பாதிப்பேர் நீங்கள். உங்களுக்குத் தமிழில் சொன்னால்தான் சொன்ன மாதிரி இருக்கும்.

என் மகனுக்கு 11 வயது. நியூ ஜெர்சிக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. முதல் ஐந்து ஆட்டங்களில் ஒரு ஹிட் (பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக ஓடிச் சேர்வது) கூட இல்லை, 9 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று வாய்ப்பையும் தவறவிட்டு அவுட் ஆவது). 46 அடியிலிருந்து தரையில் படாமல் நேரே வரும் பந்து அது. கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீசுவான், இல்லாவிட்டால் வீசவே மாட்டான். அழுவது தெரியக்கூடாதென்று பெஞ்சில் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே உட்கார்ந்திருப்பான்.

இதில் என் கைங்கரியமும் உண்டு. நான் திருச்சியில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். அங்கே அவுட் ஆனால் அன்றைய பொழுது போச்சு. அதே பயத்தோடுதான் இங்கேயும் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீடு திரும்பும் 20 நிமிடமும் காரில் விசாரணைக் கமிஷன்தான். "அந்த மூணாவது பந்தை ஏன்டா விட்டே?"

கோச் ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டார். "காரில் நீங்களாக ஆட்டத்தைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள், என்ன சாப்பிடலாம் என்று மட்டும் கேளுங்கள்" என்றார். முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். மூன்றாவது வாரம் அவனே பேச ஆரம்பித்தான்.

அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். அதில் ஹிட் கணக்கு கிடையாது. நல்ல பந்துக்கு மட்டையை வீசினானா, கெட்ட பந்தை விட்டானா, அவ்வளவுதான். ஸ்ட்ரைக்அவுட் ஆன நாளிலும் அவன் பெயருக்கு நேரே டிக் விழும். "நீ நல்லா ஆடுவே" என்று நான் நூறு தடவை சொன்னதை நம்பாதவன், அந்த டிக்கை நம்பினான். ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் ஓர் அடி வெளியே வந்து, கையுறைப் பட்டையைக் கழற்றி மாட்டவும் பழக்கினார். பட்டை ஒட்டியதும் போன பந்தை மறந்துவிட வேண்டும். இப்போது கணக்குப் பாடத்துக்கு உட்காரும்போதும் மணிக்கட்டைத் தடவிக்கொள்கிறான்!

அப்புறம் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஓய்வு பெற்ற தபால்காரர். வாளி நிறையப் பந்துகளோடு மாலையில் வந்து, தோள் வலிக்கும்வரை போட்டுக் கொடுத்தார். பேஸ்பால் ஜாம்பவான் ஹாங்க் ஆரனுக்கு 755 ஹோம் ரன் (நம்ம ஊர் சிக்ஸர் மாதிரி), 1,383 ஸ்ட்ரைக்அவுட் என்று சொன்னவர் அவர்தான். இவன் உடனே காகிதத்தில் வகுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, ஒரு ஹோம் ரனுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு தடவை அவுட்!" என்றான். பத்தில் மூன்று ஹிட் அடித்தாலே பெரிய ஆட்டக்காரன் என்பதும், இங்கே அவுட் ஆனாலும் முறை சுற்றி மறுபடி நம்மிடம் வரும் என்பதும் எனக்கே அப்போதுதான் உறைத்தது.

ஞாயிறு வகுப்பிலிருந்து அரை மணி முன்னதாக விட்ட ஆசிரியை அக்காவுக்கும், எனக்கு வேலை இருந்த நாட்களில் அவனை மைதானத்தில் இறக்கிவிட்ட மூன்று குடும்பங்களுக்கும் நன்றி. கெட்ட பந்து வரும்போதெல்லாம் "அடிடா!" என்று கத்திய மாமாவுக்கும்தான். மாமா, அதை விடுவதற்குத்தான் டிக்.

கடைசி ஆட்டத்தில் இரண்டு ஸ்ட்ரைக்அவுட், வலதுபக்கம் ஒரு ஹிட். ஹெல்மெட்டை உடனே கழற்றிவிட்டான். காரில் "பிரியாணியா, பீட்சாவா?" என்றேன். பிரியாணி.

வாளி எங்கள் கராஜில்தான் இருக்கிறது. மார்ச் வரை வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் பெரியவர். வரும்போது 38 பந்து இருந்தது, இப்போது 31. நம் தெருவில் யார் வீட்டுச் செடிக்குள்ளாவது மீதி கிடந்தால் தயவுசெய்து ஒரு போன் போடுங்கள்.