61-ஆம் பக்கத்தை எடுத்துவிடாதே

வேளச்சேரி, சென்னை

அன்புள்ள பாப்பாவுக்கு,

மழைக்காட்டில் வழி தவறும் அக்கா தங்கையைப் பற்றிய உன் நாவலைப் படித்து முடித்துவிட்டேன். திரையில் படித்தால் கண் வலிக்கிறது என்று தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு வாங்கினேன். இரண்டு நாளாக இங்கே ஐப்பசி மழை. வெளியே போக முடியவில்லை, அதனால் இரண்டு தடவை படித்தேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் காடு. நீ எழுதியிருப்பது பாதி வால்பாறை, பாதி கிண்டி. சின்ன வயதில் நீ அதிகம் பார்த்தது கிண்டிக் காடுதானே. அங்கே முள்புதரும் புள்ளிமானும் உண்டு, வெயில் தரைவரைக்கும் வரும். மழைக்காட்டில் மரங்கள் உச்சியில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் மத்தியானமே சாயங்காலம் மாதிரி இருக்கும். மூன்றாம் அத்தியாயத்தில் முதுகைச் சுடும் வெயிலை எடுத்துவிடு. மழை நின்ற பிறகும் இலைகள் சொட்டிக்கொண்டே இருப்பதால், விட்டதா இல்லையா என்பதே கீழே நிற்கிறவர்களுக்குத் தெரியாது. வழி தவறிய இரண்டு பிள்ளைகளுக்கு வெயிலைவிட இதுதான் பயம்.

அட்டை கடித்ததும் தங்கை அலறுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். அட்டை கடிப்பது வலிக்காது. சாக்ஸ் சிவந்த பிறகுதான் தெரியும். ரத்தம் உறையாமல் அது ஏதோ கலந்துவிடுவதால், பிய்த்துப் போட்ட பிறகும் வழிந்துகொண்டே இருக்கும். உனக்கே தெரியும், மறந்திருப்பாய்.

இருவாச்சி வரும் இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மரப்பொந்துக்குள் பெண் பறவை தன்னை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, சின்னப் பிளவு வழியாக ஆண் பறவை பழம் ஊட்டுவதைப் பார்த்துத் தங்கை, "அப்பா மாதிரி" என்கிறாளே, அந்த இடம். ஆனால் உன் கதை ஆடி மாதத்தில் நடக்கிறது. இருவாச்சி கூடு அடைவது மார்கழி, தை வாக்கில். சித்திரை, வைகாசியில் தாயும் குஞ்சும் வெளியே வந்துவிடும். கதையைக் கோடை விடுமுறையின் தொடக்கத்துக்குக் கொண்டுபோனால் கூடும் இருக்கும், கோடை மழையும் இருக்கும்.

இன்னொன்றைக் கண்டிப்பாக மாற்ற வேண்டும். குரங்கு தின்னும் பழத்தையெல்லாம் நாமும் தின்னலாம் என்று அக்கா சொல்கிறாள். அது சரியில்லை. குரங்குக்கு ஒத்துக்கொள்வதெல்லாம் நமக்கு ஒத்துக்கொள்ளாது. படிக்கப்போவது குழந்தைகள்.

இப்போது 61-ஆம் பக்கம். அழுது அடம்பிடிக்கும் தங்கையின் கையை அக்கா உதறிவிட்டுப் போய் ஒரு மரத்தின் பின்னால் நிற்கிறாள். தங்கை கூப்பிடக் கூப்பிட பதில் சொல்லவில்லை. குழந்தைகள் கதையில் அக்கா இப்படி இருக்கலாமா என்று யாரோ கேட்டதால் அதை எடுத்துவிடலாம் என்றாய். எடுக்காதே.

நாம் வால்பாறை போனபோது உனக்கு 12 வயது, உன் தங்கைக்கு 7. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறுகிற வரைக்கும் அவள் உன் மடியில்தான் வாந்தி எடுத்தாள். அப்புறம் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் நானும் அப்பாவும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவளைக் காணோம். கால் மணி நேரத்தில் சோலை ஓரமாகவே கிடைத்துவிட்டாள். ஆனால் அத்தனை பேர் முன்னால் நான் உன்னைத்தான் அடித்தேன். "உன்னை நம்பித்தானே விட்டேன்" என்றேன். பார்த்துக்கொள்ள வேண்டியது நான். நீ ஒன்றும் பேசவில்லை, அவள் காலில் இருந்த அட்டையை உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருந்தாய். அன்றைக்கு நான் செய்தது தப்பு, பாப்பா. அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

2023-இல் கொலம்பியாவில் அமேசான் காட்டில் விமானம் விழுந்து, அம்மாவும் இறந்துபோய், 4 பிள்ளைகள் 40 நாள் உயிரோடு இருந்தார்களே. மூத்தவளுக்கு 13 வயது. கடைக்குட்டிக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. எல்லோரும் அந்தப் பெண்ணின் தைரியத்தைக் கொண்டாடினார்கள். எனக்கு அவள் வயதுதான் மனதில் நின்றது. அந்த 40 நாளில் ஒரு தடவையாவது அவளுக்கும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடலாம் என்று தோன்றியிருக்காதா? தோன்றியிருந்தால் அவள் கெட்டவளா? வீட்டில் தம்பி தங்கையைத் தூக்கிச் சுமக்கும் எத்தனையோ அக்காமார்கள் உன் புத்தகத்தைப் படிப்பார்கள். அவர்களுக்கு அந்தப் பக்கம் வேண்டும்.

முடிவு மட்டும் எனக்கு நிறைவாக இல்லை. வனத்துறை ஜீப் வந்து காப்பாற்ற வேண்டாம். வால்பாறையில் சோலைமந்திகள் வண்டியில் அடிபடாமல் இருக்க, சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். தங்கை அண்ணாந்து பார்த்து அந்தப் பாலத்தை முதலில் கண்டுபிடிக்கட்டும். பாலம் இருந்தால் கீழே ரோடு இருக்கும் என்று அக்கா புரிந்துகொள்ளட்டும். இரண்டு பேரும் தாங்களாகவே நடந்து வரட்டும்.

பென்சிலில் குறித்த பிரதியைத் திங்கட்கிழமை கூரியரில் போடுகிறேன். உன் தங்கையிடம் நான் காட்டவில்லை. நீயே அனுப்பு, 61-ஆம் பக்கத்தோடு.

தீபாவளிக்கு டிக்கெட் கிடைத்ததா?

அம்மா