எந்தக் கை என்று கேள்

கிளிநொச்சி
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள தோழி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அம்மா சுகம், முழங்கால் உளைவு மட்டும் விட்டபாடில்லை. முற்றத்து மாமரம் இந்த முறை நன்றாகப் பூத்திருக்கிறது. மற்றக் கதைகளைப் பிறகு எழுதுகிறேன். காது கேளாத பிள்ளை ஒருத்தி பிள்ளைப்பேற்றுக்கு உன் வாட்டுக்கு வரப்போகிறாள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாயே, அதை வாசித்ததிலிருந்து மனம் அங்கேதான் நிற்கிறது.

போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒட்டுசுட்டான் பக்கத்து ஆள், அறுபது வயதிருக்கும். பிறவியிலேயே கேட்காது, பள்ளிக்கூடம் போனதில்லை. அவரும் மனைவியும் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்ட கைப்பாஷை ஒன்றுதான் அவருக்குத் தெரியும். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் மனைவி "நெஞ்செரிவாம்" என்று சொல்லிவிட்டார். அவர்களுடைய பாஷையில் நெஞ்சு வருத்தம் எல்லாவற்றுக்கும் ஒரே சைகைதான். நெஞ்செரிவுக்கு மருந்து கொடுத்து வாங்கில் இருத்தியிருந்தார்கள்.

சைகையை உரைபெயர்க்க நான் போன நேரம் எனக்கும் அவருடைய கை பிடிபடவில்லை. காது கேளாத பிள்ளைகள் படிக்கிற கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்தவர்களோடு பழகித்தான் நான் சைகை கற்றேன். இவருடைய கை வேறு. நல்லகாலம், தச்சுவேலை செய்கிற என் நண்பரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவருக்கும் கேட்காது. அவர் கிழவருக்கு முன்னால் குந்தியிருந்து ஒவ்வொன்றாக நடித்துக் காட்டினார். நெருப்பா? இல்லை என்று தலையாட்டல். ஊசி குத்துவதுபோலா? இல்லை. பிறகு பெரிய கல் ஒன்றைத் தூக்கி நெஞ்சில் வைப்பதுபோல் காட்டினார். கிழவர் உடனே முட்டியை இறுக்கிப் பொத்தி நடுநெஞ்சில் வைத்து அமத்தினார். அமத்தியபடியே மற்றக் கையால் இடது தோளிலிருந்து முழங்கை வரைக்கும் தடவினார்.

டொக்டருக்குத் தமிழ் கொஞ்சம்தான். கிழவரிடமிருந்து நண்பருக்கு, நண்பரிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து தமிழில் தாதி மிஸ்ஸிக்கு, மிஸ்ஸியிடமிருந்து சிங்களத்தில் டொக்டருக்கு. நான் "கல்லு வைச்ச மாதிரி அமத்துதாம்" என்று சொல்லி, மிஸ்ஸி வாய் திறக்க முன்னமே டொக்டர் அந்த முட்டியைப் பார்த்துவிட்டு எழும்பிவிட்டார். உடனே ஈசிஜி. மாரடைப்புத்தான்.

இன்னொன்றும் நடந்தது. ஈசிஜிக்கு அசையாமல் படுக்க வேண்டும் அல்லவா? அவருக்கு அது தெரியாது. இரண்டு மணிக்கட்டிலும் வயர் மாட்டியதும் பயந்துபோய், என்ன செய்கிறார்கள் என்று கேட்கக் கையைத் தூக்கினார். ஒருவர் அந்தக் கைகளைப் பிடித்துக் கட்டிலோடு அமத்தினார். யாரோ உன் வாயைப் பொத்திக்கொண்டு "பயப்படாதே" என்று சொன்னால் எப்படி இருக்கும்? நிறுத்தச் சொல்லி, நண்பர் தானே பக்கத்தில் படுத்து நடித்துக் காட்டின பிறகு மனுசன் சிலைமாதிரிக் கிடந்தார். இப்போது குளிசையோடு வீட்டில் இருக்கிறார்.

மனைவியில் நான் பிழை சொல்லமாட்டேன். இத்தனை வருடம் அவருக்கு வாயும் காதுமாக இருந்த மனுசி. ஆனால் வீட்டு ஆட்களுக்குப் பதற்றம் இருக்கும், மறைக்க வேண்டியதும் இருக்கும். தாயின் மார்பில் கட்டி என்று டொக்டர் சொன்னதை, பன்னிரண்டு வயது மகள் தாயிடம் "ஒண்டுமில்லையாம்" என்று காட்டியதை நான் கண்ணால் கண்டேன். அந்தக் குழந்தையின் தலையில் அதை ஏற்றியது நாங்கள்தான். சைகைமொழி உரைபெயர்ப்பாளர் பற்றியும், நோயாளி விளங்கிச் சம்மதம் தருவது பற்றியும் சொல்கிற, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. வாட்டில் கைச்சாத்து வாங்கும்போது அதை நினைத்துக்கொள்.

அதனால் உன் வாட்டுக்கு வரப்போகிற பிள்ளைக்கு மாமியாரையோ கணவரையோ மட்டும் நம்பாதே. வெளியாள் ஒருவர் வந்தால், கேட்டது வாட்டுக்கு வெளியே போகாது என்று அவர் முதலிலேயே அவளுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், அவளுக்கு அந்தப் பயம் இருக்கும். பேசும்போது உரைபெயர்ப்பாளரைப் பார்க்காமல் அவளைப் பார்த்துப் பேசு. "அவவைக் கேளுங்கோ" என்று சொல்லாதே.

எழுதிக் காட்டலாமா என்று கேட்டிருந்தாய். ஷெல் சத்தத்தில் காது கேளாமல் போன எங்கள் சனம் பலருக்கு எழுத்துத் தெரியும், சைகை தெரியாது. பிறவியில் கேளாதவர்கள் பலருக்குத் தமிழ் எழுத்து இரண்டாம் மொழி. எது வசதி என்று அவளிடமே கேள். வாயசைவையும் நம்பாதே. கண்ணாடி முன்னால் நின்று "மருந்து" என்று சொல்லிப்பார், பிறகு "பருந்து" என்று சொல்லிப்பார். உதடு இரண்டுக்கும் ஒன்றுதான். மாஸ்க்கும் போட்டால் அதுவும் இல்லை. சோதனை முடிவு "நெகட்டிவ்" என்றால் கெட்ட செய்தி என்று நினைத்து அழுதவர்களும் உண்டு. நோய் இல்லை என்றே சொல்லிவிடு.

பேற்றறையில் "முக்கு" என்று கத்தினால் அவளுக்குக் கேட்காது. வலி தொடங்க முன்னமே, எப்போது முக்குவது, எப்போது மூச்சுவிடுவது என்று இரண்டு பேரும் கையால் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீ நிற்கிற இடத்தில் வெளிச்சம் விழ வேண்டும். கண்ணாடி போடுகிறவள் என்றால் கழற்ற விடாதே. முக்கியமாக, நரம்பில் மருந்து ஏற்றுகிற கனுலா போட முதல் எந்தக் கையால் அதிகம் பேசுவாள் என்று கேட்டு, மற்றக் கையில் போடு.

திகதி தெரிந்ததும் அறிவி. அவளுக்கு விருப்பம் என்றால் ஒரு கிழமைக்கு முன்னமே பஸ் ஏறுகிறேன். அவளுடைய கையை எனக்கும் பழக நாள் வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழி