மரிக்காரும் நம் இஸ்தோப்பும்

அட்டன்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அப்பாயிக்கு முழங்கால் வலி மட்டும் மழைக்கு மழை கூடுகிறது.

டொரன்டோவில் உன் நண்பர்கள் வானொலிக்கு ஒரு நகைச்சுவை நாடகம் செய்யப்போவதாகவும், அதில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்ணாகப் பேச உன்னைக் கேட்டிருப்பதாகவும், ஒப்புக்கொள்ளலாமா என்றும் போன கிழமை தொலைபேசியில் கேட்டாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. ஒரு மனிதரைப் பற்றி உனக்குச் சொல்லாமல் அதற்கு என்னால் பதில் சொல்லவும் முடியாது. அவர் வானொலி நாடகக் கலைஞர் மரிக்கார் ராமதாஸ்.

எழுபதுகளில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பத்துக் காம்பராவுக்கும் சேர்த்து ஒரேயொரு வானொலிப் பெட்டிதான் இருந்தது. அதுவும் நாங்கள் வாங்கியதில்லை. 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதப்பட்ட நம் மக்கள் 525,000 பேரில் அடுத்த காம்பராக்காரர்களும் அடங்கியிருந்தார்கள். தலைமன்னாருக்கு ரயிலேறப் புறப்பட்ட அன்று காலை அவர்கள் அதை உன் அப்பாயியின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெட்டரி இறங்கிவிட்டால் அதை அடுப்போரம் வைத்துச் சூடாக்கி மறுபடியும் போடுவோம். கொழுந்துக் கறை கறுப்பேறிய விரலால் உன் அப்பாயி அந்தத் திருகைத் திருப்பி, இரைச்சலுக்கு நடுவே குரலைத் தேடிப் பிடிப்பதை நான் வாசல் இஸ்தோப்பில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெட்டியில்தான் 'கோமாளிகளின் கும்மாளம்' கேட்டோம். இலங்கை வானொலியின் அந்தத் தொடரை எழுதியவரும் ராமதாஸ், அதில் மரிக்கார் என்ற முஸ்லிமாகப் பேசியவரும் அவரே. ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். செல்வசேகரன் உபாலி என்ற சிங்களவராக, தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசினார். அப்துல் ஹமீத் ஐயராக வந்தார். இதை நீ நின்று யோசித்துப் பார்க்க வேண்டும், மகளே. இந்துத் தமிழர் ஒருவர் முஸ்லிமாகவும், முஸ்லிம் ஒருவர் பிராமணராகவும், தமிழர் ஒருவர் சிங்களவராகவும் பேச, நாடு முழுவதும் அதைக் கேட்டுச் சிரித்தது. இந்த நாட்டில் பின்னால் நடந்தவற்றை எல்லாம் கண்ட பிறகு, அப்படியும் ஒரு காலம் இருந்தது என்று எண்ணும்போது எனக்கு இன்னமும் நெஞ்சு அடைக்கிறது.

டவுனில் நாங்கள் சாமான் வாங்கும் கடை ஒரு முஸ்லிம் நானாவுடையது. ஒருநாள் நெத்தலி நிறுத்துக்கொண்டிருந்தவர், மரிக்காரின் குரல் வந்ததும், தராசைப் பிடித்த கை அப்படியே நிற்க, தட்டு ஆடி ஓயும்வரை சிரித்துக்கொண்டிருந்தார். "நம்மட ஊட்டுல பேசுற மாதிரியே ஈக்கிது" என்றார். பதினான்கு வயதுப் பையனாக நின்றிருந்த எனக்கு அந்தச் சொல் அப்போது பெரிதாகப் படவில்லை. ஒரு கலைஞனுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பரிசு அதுதான் என்பது பிறகே விளங்கியது. அடுத்த வீட்டுப் பேச்சை எடுத்து நடித்தவரிடம், அந்த வீட்டுக்காரரே "இது எங்கள் பேச்சு" என்று வந்து சொல்வதென்றால், அவர் எத்தனை நாள் அந்த வாசலில் காது கொடுத்து நின்றிருக்க வேண்டும்! வேடத்தின் பெயர் கடைசிவரை அவரை விட்டு நீங்கவில்லை. 2016-இல் அவர் சென்னையில் காலமானபோதும் மரிக்கார் ராமதாஸ் காலமானார் என்றுதான் சொன்னார்கள். அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன், 'முகத்தார்' ஜேசுரத்தினம் என்று நம் வானொலி பலருக்கு இப்படிப் புதிதாகப் பெயர் சூட்டியிருக்கிறது.

1976-இல் அந்தத் தொடர் 'கோமாளிகள்' என்ற படமாக வந்தது. 1978-இல் 'ஏமாளிகள்' வந்தது. படங்களைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. முகம் தெரியாமல் குரலாக மட்டும் வந்தபோது அவர்கள் எனக்கு இன்னும் நெருக்கமாக இருந்தார்கள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஓர் இரவு நாடகம் முடிந்ததும் உன் அப்பாயி பெட்டியை மூடிவிட்டு, "எல்லாரு பேச்சும் வருது, நம்ம பேச்சு ஒருத்தருக்கும் வராதா?" என்று கேட்டார். ராமதாஸின் மேல் குறையாக அவர் அதைச் சொல்லவில்லை, ஆசையாகத்தான் கேட்டார். நம் பேச்சு எங்குமே வரவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. தெளிவத்தை ஜோசப் எழுதி, வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' 1975-இல் தோட்ட வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தது. ஆனால் சிரிப்பு என்று வரும்போது நம் பேச்சுக்கு எப்படிப்பட்ட இடம் கிடைத்தது என்பதைப் பிற்பாடு நானே கண்ணால் கண்டேன். ஆசிரியப் பயிற்சிக்காக வெளியூரில் இருந்த நாட்களில் ஒரு மேடை நாடகம் பார்க்கப் போனேன். வீட்டு வேலைக்காரனாக ஒருவன் கிழிந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து, "என்னாங்க தொரை" என்று மட்டும் சொன்னான். மண்டபம் அதிர்ந்தது. அவன் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. சொன்ன விதத்துக்கே அத்தனை சிரிப்பு. பக்கத்தில் இருந்த நண்பர்களும் சிரித்தார்கள், பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு பல மாதங்கள் நான் வகுப்பில் வாய் திறக்கும்போதெல்லாம் என் சொற்களை ஒருமுறை மனதுக்குள் கழுவியே வெளியே விட்டேன். அந்தக் காயம் ஆறிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும்.

ஆகவே, அந்த நாடகத்தின் பிரதியை முதலில் கேட்டு வாங்கு. அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று பார். அவள் வாயைத் திறந்ததற்கே சபை சிரிக்க வேண்டும் என்று எழுதியிருந்தால், எவ்வளவு நெருங்கிய நண்பர்கள் ஆனாலும், மரியாதையாக மறுத்துவிடு. அவள் பேசும் தமிழ் இலக்கணத்துக்கு ஒத்து வருகிறதா இல்லையா என்பது எனக்குப் பொருட்டே இல்லை. அவளுக்கு மூளை இருக்கிறதா, அவள் யாரையாவது மடக்குகிறாளா, அவள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறதா என்று பார். மரிக்காரும் அப்புக்குட்டியும் ஏமாந்தார்கள், ஏமாற்றினார்கள், சண்டை பிடித்தார்கள். ஆனால் ஒருவர் மற்றவருக்குக் குறைந்தவராக நிற்கவில்லை.

நீ இருக்கும் நாட்டில்தான் கே. எஸ். பாலச்சந்திரனும் வாழ்ந்து 2014-இல் மறைந்தார். யாழ்ப்பாணத்துக் கரவெட்டிக்காரர். 'அண்ணை ரைட்' என்ற தனிநடிப்பில் ஒரு பஸ் கண்டக்டரை மட்டும் வைத்துக்கொண்டு, தன் ஒற்றைக் குரலால் பஸ் முழுவதையும் மேடையில் ஏற்றிவிடுவார். அதன் ஒலிப்பதிவை அங்கே உள்ள பெரியவர்களிடம் கேட்டால் கிடைக்கும். பதிவுக்கு முன் ஒருமுறையாவது கேட்டுவிடு. அந்தக் கண்டக்டர் தன் பேச்சுக்காக எங்கும் வெட்கப்படுவதில்லை.

பிரதியில் நல்லதாக ஒன்றும் இல்லையென்றால் நீயே எழுது. எழுதுவதற்கு விஷயம் நம் வீட்டிலேயே இருக்கிறது. உன் அப்பாயி கொழுந்து எடுத்த காலத்தில், மழை நாளில் இலையில் உள்ள தண்ணீருக்கென்று எடையில் இரண்டு ராத்தல் வெட்டுவார்கள். ஒருநாள் தராசடியில், தலையை மூடிய கொங்காணியில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு அவர் கேட்டாராம்: "ஐயா, கொழுந்து நனைஞ்சதுக்கு ரெண்டு ராத்தல் வெட்டுறீங்க, சரி. நான் நனைஞ்சதுக்கு எத்தன ராத்தல் போடுவீங்க?" வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளையும் சிரித்துவிட்டார். வெட்டு வெட்டுதான், அது குறையவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மலைக்கு மலை போனது என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

அப்பாயியைப் பேசவைத்து வட்ஸ்அப்பில் மூன்று பதிவுகள் அனுப்பியிருக்கிறேன். இந்தக் கதை மூன்றாவதில் இருக்கிறது. சொல்லும்போது சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு இடத்தில் நிறுத்திவிடுகிறார். பின்னால் கேட்பது தகரத்தில் விழும் மழைச் சத்தம். அந்த இரண்டு இடங்களையும் தள்ளிவிடாமல், முழுவதையும் கேட்டுவிட்டு எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா